நாலு நிமிடப் பாட்டைத் தேடி பெங்களூருக்கு

என் கணவருக்கு வலது காது போய்விட்டது. இடது காது கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "எஸ்தர், அந்தப் பாட்டை இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டுட்டா போதும்" என்றார். அதனால்தான் தொண்ணூற்றெட்டாம் வருடம் ஆகஸ்டு மாதத்தில், மேல்நாட்டு இசையில் தலையும் தெரியாத வாலும் தெரியாத நான் பெங்களூருக்குப் போனேன்.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இவர் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஒரு பெட்டி இசைத்தட்டுகளை விட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு சின்னத் தட்டு. மழையில் நனைந்து நடுவில் ஒட்டியிருந்த தாள் உரிந்துவிட்டது. யார் எழுதியது, யார் வாசித்தது, ஒன்றும் தெரியாது. விடுதி வார்டன் மகா கண்டிப்பானவர். பையன்கள் சினிமாப் பாட்டுப் போடக்கூடாது என்று ரெக்கார்டு பிளேயரில் எதையோ கம்பி வைத்துக் கட்டிவிட்டாராம். இந்தக் கதையை இவர் நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். எதைக் கட்டினார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தட்டு எப்படியோ தொலைந்துபோனது. பாட்டு மட்டும் இவர் தலைக்குள் தங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் தேவாலயத்தில் இருபத்தைந்து வருடமாக ஆர்கன் வாசிக்கிறவர் இவர். அடக்க ஆராதனை முடிந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது இந்தப் பாட்டைத்தான் வாசிப்பார். ஊரில் அதற்கு 'ஜெயசீலன் சார் பாட்டு' என்றே பெயர். "எனக்கும் அதையே வாசிச்சிருங்க சார்" என்று நல்ல திடமாக இருக்கிறவர்களே வந்து சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். என் அப்பாவின் அடக்கத்தன்று கல் மாதிரி நின்றிருந்த நான், அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் உடைந்துபோய் அழுதேன்.

வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நான் கணக்கு டீச்சர், எதையும் அளக்காமல் விடமாட்டேன். ஒரு தடவை முணுமுணுத்தால் நாலு நிமிடம், நொடி பிசகாது. இரண்டு தடவை முணுமுணுத்தால் முட்டை வெந்துவிடும். என் இசை ஞானம் அதோடு முடிந்தது. இவருக்கோ எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது, ரயிலேற வழியில்லை. முணுமுணுப்பதை ஒரு கேசட்டில் பதிவு செய்து, ஒரு சீட்டில் "செல்லோ. கூடவே பியானோ. மெதுவானது. துக்கமானது" என்று எழுதி, துக்கமானது என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். செல்லோ என்றால் என்ன என்று கேட்டேன். வயலினுடைய அண்ணன் என்றார்.

பெங்களூரை வெளிநாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும் மாதத்தில் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். மின்விசிறி இல்லாமல் தூங்குகிறார்கள். என் கணவரின் சித்தப்பா மகள் ஸ்டெல்லா விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். கல்யாணமாகி இருபது வருடமாக இங்கேதான். போய்ச் சேர்ந்ததும் இட்லியும் சாம்பாரும் வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, பாயசத்தைத் தப்பான பாத்திரத்தில் ஊற்றிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"இங்க சாம்பார்ல சொல்ப வெல்லம் போடுவோம் மதினி. ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, பழகிரும்" என்றாள்.

மறுநாள் காலையில் பிரேசர் டவுனுக்குப் புறப்பட்டேன். அங்கே பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று இருப்பதாக ஸ்டெல்லா விசாரித்து வைத்திருந்தாள். பஸ் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். நிறுத்தத்துக்கு வந்த பஸ்ஸின் நெற்றியில் நம்பர் கன்னட எழுத்தில் இருந்தது. ஆறும் ஒன்பதும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. இருபத்தெட்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு ஆறு எது, ஒன்பது எது என்று தெரியவில்லை. ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் தமிழில் ஏதோ சொன்னேன். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் என்னையே பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். புடவையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாளிடம், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "இந்தம்மா எங்க போகணும்னு தெரியாமலே எவ்ளோ தைரியமா உக்காந்திருக்காங்க பாருன்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தார் அவர். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

கடைக்காரர் பெயர் கரீம் பாய். தரையிலிருந்து கூரை வரை தட்டுகளை அடுக்கி, நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கி, சொல்ல வராமல், பாடிக் காட்டப் போனேன்.

"நக்கோ மேடம், நக்கோ. பாட வாணாம். கேசட் கொடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கேசட்டைப் போட்டார். என் கணவரின் முணுமுணுப்பு கடை முழுக்கப் பரவியது. எனக்கு வெட்கமாக இருந்தது. குளிக்கிற மனுஷனை நடுத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி. நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று தடவை கத்தியது.

"இந்த விசில் பாட்டுல வர்றதா?"

"குக்கர்."

"அச்சா." சீட்டை வாங்கிப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். "மேடம், இது நூத்தம்பது வருசம் முந்தி, உருகி உருகி எழுதினாங்களே, அந்த செட்டு ஆளுங்க ஸ்டைல். அவுங்கள்ல பேர் வாங்குனவங்க எல்லாம் என்கிட்ட இருக்காங்க. இந்தாளு பேர் வாங்கல. பேர் வாங்காதவங்க எல்லாரும் மல்லேஸ்வரத்துல ஒரு பீரோவுல இருக்காங்க." ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பீரோவின் சொந்தக்காரர் ரங்கநாதன். அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே மைசூர் மகாராஜா சேவகத்துக்கு வந்த குடும்பம். மூன்றாம் நாள் காலை நான் போனபோது வீட்டு மாமியோடு கன்னடத்தில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே என்னிடம் தமிழில், "வாங்கோம்மா, உக்காருங்கோ" என்றார். பீரோவைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை தட்டுகள்.

"இவா எல்லாரும் அவாவா ஊர்ல பெரிய ஆளாத்தான் இருந்தா. செத்தப்புறம் ஒருத்தரும் சீந்தலை. பேர் வாங்கினவாளைக் கேக்கறதுக்கு லோகம் முழுக்க ஜனங்க இருக்கா. இவாளுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

சீட்டைப் படித்தார். செல்லோவும் பியானோவும் என்றதும் பீரோவில் இரண்டாவது அடுக்கு முழுவதையும் வெளியே எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இதா பாருங்கோ."

"இல்லை சார்."

"இது?"

"இல்லை."

"அம்மா, நன்னாக் கேட்டேளா?"

நன்றாகத்தான் கேட்டேன். அதுதான் தொல்லையாகிவிட்டது. ஐந்தாவது தட்டு வரைக்கும் எனக்குத் தெளிவாக இருந்தது. ஆறாவது, முதலாவது மாதிரி இருந்தது. எட்டாவதைக் கேட்டு இதுதான் என்று எழுந்தே விட்டேன். பிறகு இல்லை என்று உட்கார்ந்தேன். எல்லாமே மெதுவாக இருந்தன, எல்லாமே துக்கமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஓபஸ் இத்தனை, மைனர், மேஜர் என்று விளக்கம் சொன்னார். நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பாவம், இப்படித்தான் இருந்திருக்கும் அவர்களுக்கு.

மதியம் மாமி பிசிபேளாபாத் போட்டார். அதிலும் ஒரு தித்திப்பு இருந்தது. சாப்பிட்ட பிறகு பத்தாவது தட்டில் தூங்கிவிட்டேன். விழித்தபோது பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. ரங்கநாதன் எனக்காக அதை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஆட்டோவில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவருடைய பாட்டை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. இருபத்தைந்து வருடமாகக் காதில் விழுந்த பாட்டு. ஒரே பகலில் பன்னிரண்டு பேர் சேர்ந்து அதைத் துடைத்துப்போட்டுவிட்டார்கள். அவருக்குக் காது போகும், எனக்குப் பாட்டு போகும், கடைசியில் வீட்டில் என்னதான் மிஞ்சும் என்று நினைத்து அழுகை வந்தது. ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடிப்போய்க் கேசட்டைப் போட்டேன். குக்கர் சத்தம் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.

நாலாம் நாள் மழை. மல்லேஸ்வரத்துக்குப் போய், மிச்சமிருந்த செல்லோக்காரர்களையும் கேட்டு முடித்தேன். ஒருவரும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, வாசலில் செருப்பு மாட்டப் போனேன். ரங்கநாதனுக்கு என்னை அப்படி அனுப்ப மனம் வரவில்லை.

"காபி குடிச்சுட்டுப் போங்கோ. உங்க துக்கமெல்லாம் போறாப்ல ஒண்ணு போடறேன். சின்ன ரெக்கார்டு. எனக்கு இவாள்லயே ரொம்பப் பிடிச்ச ஆளு. பெத்த பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் ஆடறதுக்காக எழுதினானாம், அட்டையில போட்டிருக்கு. வயலின்."

தட்டைப் போட்டார். துள்ளிக் குதிக்கிற பாட்டு. வாசல் தூணில் சாய்ந்து காபியைக் குடித்தபடி, ஊருக்குப் போய் இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். ரங்கநாதனின் மகன் கம்ப்யூட்டருக்காக ஒரு யூ.பி.எஸ். பெட்டி வாங்கி வைத்திருந்தான். ஸ்பீக்கருக்கான பெட்டியை ரங்கநாதன் அதில் சொருகியிருந்தார், தட்டைச் சுழற்றுகிற மிஷினைச் சுவரில் சொருகியிருந்தார். அதனால் கரண்ட் போனதும் சத்தம் நிற்கவில்லை. தட்டு மட்டும் தளர்ந்தது. வயலின் முனகி, கனத்து, கீழே கீழே இறங்கியது. நிற்பதற்கு முன்னால் ஒரு இரண்டு நொடி, எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் என் கணவர் நின்று முணுமுணுத்தார்.

"இதுதான்!" என்று கத்தினேன். காபி புடவையில் கொட்டியது. எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மாமி மரக்கரண்டியோடு ஓடி வந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மறுபடி போட்டார். பழையபடி துள்ளிக் குதித்தது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "இது வயலின்மா. நீங்க செல்லோன்னேள். இது கல்யாணம். நீங்க துக்கம்னேள்" என்று ரங்கநாதன் ஒவ்வொரு விரலாக மடக்கினார். அவர் சொன்னது எல்லாமே சரி. ஆனாலும் நான் கேட்டதைக் கேட்டேன்.

சட்டென்று வார்டன் ஞாபகம் வந்தது. தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு மழையில் ஓடினேன். இவருக்குப் போனில் சரியாகக் கேட்காது, கத்தித்தான் பேச வேண்டும்.

"உங்க வார்டன் எதைக் கம்பி வச்சுக் கெட்டினாரு?"

"என்னது?"

"வார்டன்! எதைக் கெட்டினாரு?"

பூத்துக்கு வெளியே நின்ற மூன்று பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"அதையேன் இப்பம் கேக்க? வேகம் மாத்துத குமிழைத்தான். சினிமாப் பாட்டெல்லாம் சின்ன ரெக்கார்டுல வரும், நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும். அவரு முப்பத்து மூணுல வச்சுக் கெட்டிட்டாரு. சினிமாப் பாட்டு போட்டா எருமை கத்துத மாதிரி இருக்கும். பாட்டு கெடச்சுட்டா?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன்.

சினிமாப் பாட்டு மெதுவாக ஓடினால் பையன்களுக்குத் தெரியும். அந்தச் சின்னத் தட்டு எப்படி ஓட வேண்டும் என்று அந்த விடுதியில் யாருக்குத் தெரியும்? ரங்கநாதன் வீட்டுக்கு ஈரத்தோடு திரும்பி, இவர் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நாலு நிமிடம் என்றால் இருநூற்று நாற்பது நொடி. முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் வேகத்தில் ஓடியதை நாற்பத்தைந்தில் ஓட்டினால் நூற்று எழுபத்தெட்டு நொடி.

"சார், இந்தத் தட்டு எவ்வளவு நேரம் ஓடும்?"

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு முழுவதும் ஓட்டினார். "ரெண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்டு."

நான் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். பாட்டு எனக்குப் புரியாது. விடை சரியாக வந்தால் புரியும்.

அதற்குப் பிறகுதான் தகராறு. முப்பத்து மூன்றில் வைத்து ஒரு கேசட்டில் பதிவு செய்து தாருங்கள் என்றதும் ரங்கநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அபசாரம்! இந்த மனுஷனை லோகமே மறந்துடுத்து. மறக்காத அந்த ஒருத்தரும் அவன் பாட்டைக் கொலை பண்ணிண்டிருக்கார். அதுக்கு நானும் உடந்தையா?" என்றார். இவருடைய காது விஷயத்தைச் சொன்னேன். இன்னும் நாலு மாதம் என்றேன். அவர் எழுந்து போய் ஒரு காலிக் கேசட்டை எடுத்துவந்தார். பிறகு முதல் பக்கத்தில் சரியான வேகத்தில் பதிவு செய்தார். இரண்டாவது பக்கத்துக்குக் குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பிவிட்டு, கேட்க மாட்டேன் என்று வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் தடவையாக அந்தப் பாட்டை முழுசாகத் தட்டிலிருந்தே கேட்டேன். மடியில் காபிக் கறையோடு உட்கார்ந்து என் அப்பாவுக்காக இன்னொரு தரம் அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் ரங்கநாதன் கதவருகே வந்து நின்றிருந்தார்.

"இப்படியும் இருந்திருக்கலாம் போல இருக்கே" என்றார். "அவன் பொண்ணைக் கொடுத்துட்டு ஆத்துக்கு வந்தப்புறம்."

அந்தச் சங்கீதக்காரரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன். மெய்யெழுத்துகளாகவே சேர்ந்து நிற்கிற பெயர். இன்று வரை எனக்கு வாய்க்குள் நுழையவில்லை.

ஊருக்கு வந்து, இவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடது காதுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, இரண்டாவது பக்கத்தைப் போட்டேன். ஒரு கையால் பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். கண்ணீர் தாடையிலிருந்து சட்டையில் சொட்டியது. "இதேதான், எஸ்தர். இதேதான்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். தப்பான விடைக்குச் சரி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லையே எனக்கு. கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

"இது என்ன, ரயிலுக்கா ஓடுதான்?" என்றார். பாதியில் முகம் மாறியது. முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வார்டன், குமிழ், வயலின், அந்த மனுஷரின் மகள் கல்யாணம்.

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பம் இருவத்தஞ்சு வருசமா இந்த ஊர்ல எல்லாரையும் கல்யாணப் பாட்டு வாசிச்சா அனுப்பியிருக்கேன்?"

"உங்க மாமனாரையும் சேத்து."

சிரிக்க ஆரம்பித்தார். தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்வரை சிரித்தார். பிறகு, "வேகமா உள்ளத இன்னொரு தடவ போடு" என்றார். அன்றிலிருந்து தினமும் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டார். கூடவே மேசையில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பார்.

காது கிறிஸ்துமஸ் வரை தாங்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில், கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "போடலையா?" என்று கேட்டார்.

தை மாதத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இவரை ஆர்கனில் உட்காரவைக்க எல்லோருக்கும் பயம். இவர் போய் உட்கார்ந்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்துத் திரும்பி நடக்கத் தொடங்கியதும் அந்தப் பாட்டை எடுத்தார், துள்ளலாக. கோயில் முழுவதும் ஒரு நிமிடம் திகைத்துப்போனது. தன் அடக்கத்துக்கு அதையே கேட்டுச் சொல்லிவைத்திருந்த தங்கம்மாள் பாட்டி முன் வரிசையில் எழுந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று நாலு பக்கமும் பார்த்தாள்.

வாசித்து முடித்துவிட்டு, கையை ஆர்கன் கட்டைகளிலிருந்து எடுக்காமலே, இவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். ஒரு சுரம்கூட அவருக்குக் கேட்டிருக்காது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியும்படி, நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.